பூச்சிக்கு யார் மணி அடிப்பது?

"செஞ்ச பாவம் அவன் தலையில. என்னை எதுக்கு சார் கையெழுத்துப் போடச் சொல்றாங்க?" என்று ஓர் ஆயா கேட்டார். பேரனுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பைக்குள் துண்டு சுற்றிய குவார்ட்டர் பாட்டில்களோடு நண்டலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பிடிபட்டிருந்தான். அப்பா வெளிநாட்டில், அம்மா இல்லை. வீட்டில் பெரியவர் என்றால் இந்த ஆயாதான். அவர் பொறுப்பில் பையனை விட ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோட்டுச்சேரிப் பக்கத்தில் பி.டி. சார் என்றால் தெரியும். பையன்கள் மாட்டிக்கொண்டால் வீட்டுக்காரர்கள் வக்கீலைத் தேடுவதற்கு முன் என்னைத் தேடுவார்கள். வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

"போடுங்க ஆயா, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே பேசப் போகிறேன். ஸ்டேஷன் பெஞ்சில் கேட்டாலும் அது சித்தாந்தக் கேள்வி. ஒரு சின்னப் பையன் செய்த வினை யாருடையது? அவனுடையது மட்டும்தான் என்றால் ஆயாவுக்கு அங்கே வேலை இல்லை. எனக்கும் இல்லை.

முதலில் எங்கள் ஊர் அமைந்திருக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கோட்டுச்சேரி காரைக்காலைச் சேர்ந்தது, காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது. புதுச்சேரி நகரமோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. இந்தப் பக்கம் சாராயக் கடையையும் கள்ளுக் கடையையும் அரசே ஏலம் விடுகிறது, சீமைச் சரக்கும் விலை குறைவு. எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. டாஸ்மாக்கில் விலை கூடுதல். அந்த விலை வித்தியாசம்தான் ஒரு தொழிலை நடத்துகிறது. பெரியவன் பைக்கில் போனால் நிறுத்திச் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். சீருடையில் புத்தகப் பையோடு சைக்கிள் மிதிக்கிற பையனை யார் நிறுத்தப் போகிறார்கள்? இக்கரையில் ரசீது போட்டு விற்ற அதே பாட்டில் அக்கரையில் குற்றம் ஆகிறது. சித்திரகுப்தன் எந்தக் கரைச் சட்டப்படி கணக்கு எழுதுவான் என்று வகுப்பில் ஒரு பையன் என்னைக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

காரைக்காலில் ஒரு பெரியவரிடம் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கற்றதில் என் மனத்தில் ஆழமாக நின்றது, வினை சடப்பொருள் என்பது. வினைக்கு அறிவு கிடையாது. செய்தவன் யார் என்று தேடி வந்து பிடிக்க அதற்குத் தெரியாது. கூட்டுவிக்கிறவன் ஒருவன் வேண்டும். அவனும் பழி தீர்ப்பதற்காகக் கூட்டுவிப்பதில்லை, உயிர் பக்குவப்படுவதற்காகக் கூட்டுவிக்கிறான். அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அணைப்பதும் அருள், தண்டிப்பதும் அருள்.

மறக்கருணைக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் ரசிகர்கள் அதிகம். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்த பிறகும் அந்தப் பழமொழி ஓய்வு பெறவில்லை. அடிக்கிற கை இறைவனுடைய கையாக இருந்தால் சித்தாந்தம் சரியாக இருக்கலாம். உயிரின் முதிர்வை அளந்து பார்க்கத் தெரிந்தவன் அவன். பிரம்பை எடுத்த வாத்தியாருக்கோ லத்தியை எடுத்தவருக்கோ அந்த அளவுகோல் யார் கொடுத்தது? 'நான் அடித்தது உன் நன்மைக்கு' என்று சொல்கிற மனிதன், இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்கிறான்.

இதற்கு மகாபாரதத்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. தீமிதிக்கு முன்னால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிறவர்கள் இந்தக் கதையை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். விதுரன் பிறப்புக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகச் சொல்லுவார்கள், அவ்வளவுதான். எனக்கு ஆதி பருவத்திலேயே பெரிய கதை இதுதான்.

மாண்டவ்யர் மௌன விரதத்தில் கையைத் தூக்கி மரத்தடியில் நிற்கிறார். திருடர்கள் ஓடி வந்து களவுப் பொருளோடு அவர் ஆசிரமத்தில் ஒளிகிறார்கள். துரத்தி வந்த காவலர்கள் கேட்கிறார்கள், அவர் வாய் திறக்கவில்லை. உள்ளே தேடினால் பொருளும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். சந்தேகக் கேஸுக்கு வேறென்ன வேண்டும்? அவரையும் சேர்த்துக் கழுவேற்றச் சொல்லிவிட்டான் அரசன். உயிர் போகவில்லை. பிறகு அரசன் அறிந்து காலில் விழுகிறான், கழுவை உருவ முடியவில்லை, வெளியே நிற்கிற பகுதியை மட்டும் அறுத்து விடுகிறார்கள். உள்ளே தங்கிய துண்டோடு நடமாடியதால் ஆணி மாண்டவ்யர் என்று பெயர். அவர் நேரே தருமதேவனிடம் போய், நான் என்ன செய்தேன், இந்தத் தண்டனை எதற்கு என்று கேட்கிறார். சின்ன வயதில் ஒரு பூச்சியைப் புல்லால் குத்தினீர், அதன் பலன் என்று பதில் வருகிறது.

அதோடு அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் அது சாதாரணக் கர்மக் கதை. மாண்டவ்யர் திரும்பவில்லை. அற்பக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தருமனையே சபிக்கிறார். மண்ணில், அடிமைப் பெண் வயிற்றில் பிற என்கிறார். 14 வயது வரை ஒருவன் செய்வது பாவக் கணக்கில் ஏறாது என்று எல்லையும் வகுக்கிறார். தருமம் அதற்குக் கட்டுப்படுகிறது.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது வீண். ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நம் குற்றவியல் சட்டம், பழைய இந்திய தண்டனைச் சட்டமானாலும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவானாலும், 7 வயதுக்குக் கீழ் குற்றமே இல்லை என்கிறது. 7 முதல் 12 வரை புரிந்து செய்தானா என்று பார்க்கச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் 7 வயதில் புத்தி தெளிந்ததாக எடுத்துக்கொண்டாலும், திருச்சபைத் தண்டனை 16 நிறைந்த பிறகுதான். இஸ்லாத்தில் பருவம் எய்தும் வரை பிள்ளையின் பேரில் ஏடு எழுதப்படுவதில்லை. 2015 சிறார் நீதிச் சட்டம் 18 என்கிறது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமையில் ஒருவனுக்கு 17 வயது. அவனுக்கு மூன்று ஆண்டுதானா என்று நாடே கொதித்தது. அதன் விளைவாகக் கொடுங்குற்றம் என்றால் 16 நிறைந்தவனை வளர்ந்தவனாக வைத்து விசாரிக்கலாமா என்று பரிசீலிக்க இதே சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். ஆக, கோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. மாண்டவ்யர் கதையில் என்னை உலுக்குவது கோடு இல்லை. கணக்கு எழுதுகிறவன்மேலேயே வழக்குத் தொடுக்கலாம் என்கிற துணிச்சல்தான். குழந்தையைத் தப்பாகத் தண்டித்த நீதிபதி, தண்டனை வாங்குகிற சனங்களின் வயிற்றில் பிறந்து அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்க்க வேண்டும். விதுரன் கதி அதுதானே? நியாயம் அத்தனையும் தெரியும், சபையில் எழுந்து சொல்லவும் செய்வான், கேட்பார் கிடையாது.

ஆனால் டெல்டாக்காரன் மனத்தில் நீதி என்றால் மாண்டவ்யர் வர மாட்டார். தேர்க்கால்தான் வரும். எங்களுக்குத் திருவாரூர் பக்கம். மனுநீதிச் சோழன் மகன் வீதிவிடங்கன் தேரோட்டிப் போகையில் கன்று குறுக்கே விழுந்து சாகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை இழுக்கிறது. மகனைத் தேர்க்காலில் இடச் சொல்லி அமைச்சரை ஏவினால் அவர் மனம் வராமல் தன் உயிரை விடுகிறார். அரசனே தேரை ஏற்றுகிறான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. காரைக்கால் வழக்குகள் மேல்முறையீட்டுக்கு அந்த நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன. ஒரு விபத்துக்காகப் பிள்ளையைக் கொன்ற அப்பாவை நீதிக்கு அடையாளமாக வைத்திருக்கிற நாட்டில், சிறுவர்களுக்காகத் தனி நீதி பேசுவது லேசான காரியம் இல்லை.

சேக்கிழார் அந்தக் கதையைத் தேர்க்காலோடு நிறுத்தவில்லை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். கடைசியில் இறைவன் தோன்றி கன்று, அமைச்சர், மகன் மூவரையும் எழுப்புகிறான். எழுப்புகிறவன் வராவிட்டால் அந்தத் தெருவில் மூன்று பிணம்தான். கடைசிக் காட்சி நம் கையில் இல்லாதபோது முதல் காட்சியை மட்டும் நடத்திக் காட்டுவதை நீதி என்று எப்படிச் சொல்வது?

அதற்காக மாண்டவ்யர் பக்கம் மட்டும் நின்றுவிடவும் எனக்கு மனமில்லை. மனுநீதி கதையில் ஒரு மணி இருக்கிறது. வாயில்லாத பசு, அது இழுத்தால் அரண்மனையே எழுந்து வருகிறது. மாண்டவ்யர் கதையில் அந்தப் பூச்சிக்கு ஒரு மணியும் இல்லை. குழந்தை, தருமன், சாபம், வயது எல்லை என்று எல்லாம் பேசி முடித்த பிறகு குத்துப்பட்ட பூச்சியை யாரும் நினைக்கவில்லை. சோழன் பிள்ளையை மறந்தான், முனிவர் பூச்சியை மறந்தார். ஒரே ஆசனத்தில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து தெரிவதில்லை. சிறுவர் விஷயத்தில் பல துறைக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதை நிர்வாக வசதிக்கான ஏற்பாடாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஓர் அறநிர்ப்பந்தம் தெரிகிறது.

சிறார் நீதிச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆசனத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், அவர்களில் ஒருவராவது பெண். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், பையனிடம் பேசும்போது சீருடை கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவரோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் ஒழிய முதல் தகவல் அறிக்கையே போடக் கூடாது. நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பம், பள்ளி, சகவாசம் எல்லாம் விசாரித்துச் சமூகப் பின்னணி அறிக்கை தயார் செய்து குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பிலும் அறிவுரை, கலந்தாலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று படிப்படியாக வழிகள் உண்டு. வளர்ந்தவனாக வைத்து விசாரிக்க விட்டால் ஒழிய, எவ்வளவு பெரிய குற்றமானாலும் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டுதான் உச்சம்.

ஆயா கேள்விக்கு நேர் பதில் வைத்திருப்பது அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு. மதுவையோ போதைப்பொருளையோ சுமக்க, விற்க, கடத்தக் குழந்தையைப் பயன்படுத்தினால், பயன்படுத்தியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். சட்டத்தின் கண்ணில் அந்தப் பையின் சொந்தக்காரன் வேறு ஆள். ஆயா பேரன் விஷயத்தில் பாட்டில்களை எண்ணினார்கள், பையனை எண்ணினார்கள், பை யாருடையது என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். பையன் தரையைப் பார்த்தான். அவனுக்குப் பெயர் தெரியும். பெயரைச் சொன்ன பிறகு அவன் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

எல்லையும் சும்மா விடுவதில்லை. பையன் பள்ளி இந்தப் பக்கம், பிடிபட்டது அந்தப் பக்கம். பிடித்தது ஓர் அரசின் போலீஸ், வருகைப் பதிவேடு இன்னோர் அரசின் பள்ளியில். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது, அங்கே ஒரு குழுமம், இங்கே ஒரு குழுமம். சொந்த ஊருக்கு மாற்றச் சட்டத்தில் வழி உண்டு. தாள் நகர வேண்டும், அதை நகர்த்த ஆள் வேண்டும். நான்கு கிலோமீட்டர் சைக்கிளில் போன பையனின் பின்னணி அறிக்கை திரும்பி வர எடுக்கிற காலத்தில் அவன் ஒரு பரீட்சையே எழுதி முடித்துவிடலாம். அல்லது எழுதாமல் விட்டுவிடலாம்.

ஊர் உட்காரட்டும் என்றால், எந்த ஊர்? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011ல் முடிந்ததும் மறுபடி கதவு சாத்தியாகிவிட்டது. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்துக்குக் கட்டடம் உண்டு, அதிகாரிகள் உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் கிடையாது. குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று சுற்றறிக்கை வந்தால், அதில் வார்டு உறுப்பினர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? அதனால் கடற்கரையில் உயிரோடு இருக்கிற ஒரே பஞ்சாயத்து மீனவப் பஞ்சாயத்துதான். அதைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி வைப்பது, குடும்பத்தையே பேச்சு வார்த்தையில்லாமல் ஆக்குவது எல்லாம் அதற்கும் தெரியும். பெண்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. ஒரு சிறுமி சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் அங்கே பேசவே கூடாது. 2012 போக்சோ சட்டப்படி உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம். தெண்டம் கட்டி முடித்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அது. இவ்வளவையும் சொன்ன பிறகும், அந்தப் பஞ்சாயத்தில் நான் பார்த்த ஒரு மாலையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில். பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. பையன்கள் கெடுவதற்கு இதைவிடத் தோதான சீசன் கிடையாது. அப்படி ஒரு தடைக்காலத்தின் கடைசியில் 16, 17 வயதில் இரண்டு பேர், ஒரு விசைப்படகிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். தடை முடிந்து முதல் நாள், ஐஸ் ஏற்றி டீசல் நிரப்பி ஆள் ஏறிய பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றைக்கு அந்தப் படகு கடலுக்குப் போகவில்லை.

ஸ்டேஷனில் நாட்குறிப்பில் எழுதி, அறிக்கை குழுமத்துக்குப் போய்விட்டது. அதைத் தடுக்கவோ மாற்றவோ பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று முன்கூட்டியே பேசியாகிவிட்டது. கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பையன்கள், அப்பாக்கள், படகு உரிமையாளர், பஞ்சாயத்தார், தலைமை ஆசிரியர், சட்டை பேண்ட்டில் வந்த நல அதிகாரி. ஒரு பையனின் அம்மா மண்டபத் தூணுக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் என்று நல அதிகாரிதான் கூப்பிட்டு உட்கார வைத்தார். போலீஸ்காரர் கூப்பிட்டதால் பஞ்சாயத்தார் ஒன்றும் சொல்லவில்லை. பல தரப்பும் சேர்ந்து உட்காருவதில் இப்படி ஒரு லாபமும் உண்டு.

பேட்டரி விலை பற்றித்தான் பேச்சு ஆரம்பித்தது. உரிமையாளர் கையை நீட்டி நிறுத்தினார். "பேட்டரிய விடுங்க. அன்னிக்கு ஏறின ஆளுங்க யாருன்னு இவன்கிட்ட கேளுங்க" என்றார். அவர் கை காட்டிய பையனுக்குத் தெரியவில்லை. அவரே பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மாதம் கடன் வாங்கித் தின்றுவிட்டு முதல் நாள் பங்குக்காகக் காத்திருந்தவர் ஒருவர். அன்று ராத்திரி பணம் கட்ட வேண்டிய குழுக் கடன் வைத்திருந்தவர் ஒருவர். நான்காவது பெயர் அந்தப் பையனின் சொந்தத் தாய்மாமன். அதுவரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் தலையைக் குனிந்தான். மணி அடித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். எந்த நீதிமன்றமும் ஒரு பேட்டரித் திருட்டுக்கு அத்தனை பேரைச் சாட்சியாக அழைத்திருக்காது.

இதை வெளிநாட்டில் முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்து 1989ல் மாவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டிக் குடும்பக் கூட்டத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்து 1998 சட்டத்தில் போலீஸ், பள்ளி, சுகாதாரம், சமூக நலம் எல்லாவற்றையும் ஒரே குழுவில் உட்கார வைத்தது. நார்வேக்காரர் நில்ஸ் கிறிஸ்டி 1977ல் ஒரு கட்டுரையில், தகராறு என்பது சம்பந்தப்பட்டவர்களின் சொத்து, அதை வக்கீல்களும் நிபுணர்களும் திருடிக்கொண்டார்கள் என்று எழுதினார். அழகான வாதம். எங்கள் மண்டபத்தில் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், சம்பந்தப்பட்டவர்களிடமிருந்து தகராறைப் பஞ்சாயத்தாரும் திருடுவார்கள் என்று ஒரு வரி சேர்த்திருப்பார்.

திருட்டு பேட்டரி என்று தெரிந்தே வாங்கிய இரும்புக் கடைக்காரர் அன்று வரவில்லை. அவருக்கு என்ன தெண்டம் என்று கேட்டேன். அவர் திருவிழாவுக்கு நிறையக் கொடுக்கிறவர். மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டில் கொடுத்து அனுப்பியவன், பேட்டரியை வாங்கிக்கொண்டவன், இவர்கள் உட்கார வேண்டிய பாயில் எப்போதும் யாரும் இல்லை. வினையில் பங்கு உண்டு, விசாரணையில் பங்கு இல்லை. அதிகாரிகள் கூட்டமும் இந்த விஷயத்தில் மண்டபத்தைவிட உசத்தி இல்லை. பல துறைகள் கூடுகிற ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து பையன்களுக்கு ஒழுக்கம் இல்லை, பெற்றோருக்குக் கவனம் இல்லை, செல்போன்தான் காரணம் என்றார்கள். என் துறையால் இதில் நடந்தது என்ன என்று ஆரம்பித்தவர் ஒருவரும் இல்லை. ஆளாளுக்கு மனுநீதிச் சோழனாகத் தேரில் ஏறி உட்கார்ந்தால் கயிற்றை எவன் பிடிப்பது?

பூட்டிய அறைக்குள் மறக்கருணை என்ன ஆகும் என்பதை நாம் பார்க்காமல் இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான். அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு இல்லங்களின் நிலைமையை ஆராயச் சொன்னது. 1920லேயே குழந்தைகளுக்கென்று சட்டம் போட்டு இந்தியாவுக்கே முன்னால் நின்றது சென்னை மாகாணம். நூறு வருஷம் கழித்து அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பிணம் தேவைப்பட்டது. தருமனைச் சபிக்கிற தைரியம் உள்ள மாண்டவ்யர்கள் நம்மிடம் குறைவு.

தண்டனைக்கு முடிவு உண்டா என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலே இருக்கிறது. திருநள்ளாறு. ஏழரைச் சனி என்றால் ஏழரை, எட்டு இல்லை. நளன் நீராடி விடுபட்டான் என்பது தலபுராணம். சனங்கள் நள தீர்த்தத்தில் முங்கி, உடுத்திய துணியை விட்டுவிட்டு வேறு துணியில் வெளியே வருகிறார்கள். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஆள் வருவதற்குக் காரணம், பிடித்தவன் விடவும் செய்வான் என்ற நம்பிக்கைதான். சிறார் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவில் இதைத்தான் செய்கிறது. சிறு வயதுக் குற்றம் பிற்காலத்தில் எந்தத் தகுதிக்கும் தடையாகக் கூடாது, காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். 16 நிறைந்து கொடுங்குற்றத்துக்கு வளர்ந்தவனாக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. 74ஆம் பிரிவு பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது.

சட்டம் அழிக்கிற ஏட்டை டீக்கடை அழிப்பதில்லை. ஆயா பேரனை வண்டியில் ஏற்றும்போது எவனோ செல்போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். மறுநாள் வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. அரசாங்கம் மூன்று வருஷத்துக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்று தன் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. தெருவின் கையை யார் கட்டுவது? தீர்த்தத்தில் துணியை விட்டுவிட்டுக் கரையேறியவனிடம், போன வாரம் நீ போட்டிருந்த சட்டை இதுதானே என்று அதை நீட்டிக் காட்டுகிற சனங்கள் நாம்.

இதையெல்லாம் என் நண்பர், ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர், ஒப்புக்கொள்வதில்லை. சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போது இதே சண்டைதான். "உங்க முனிவர் கணக்குப்படியே 14 தாண்டிட்டான் சார் உங்க ஆளு. 15 ஆயிடுச்சு" என்பார். நான் 18 என்று சட்டத்தைச் சொல்வேன். "சட்டத்தைச் சொன்னா சட்டத்தோட நில்லுங்க. சாமியை எதுக்கு இழுக்கறீங்க?" என்பார். நியாயமான கேள்விதான். வயதுக் கணக்கைச் சட்டத்திடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் தலையில் எழுதியது அவன் கைப்பட எழுதியது மட்டும் இல்லை என்று ஆயாவிடம் எப்படிச் சொல்வது? சட்டப் பிரிவின் எண்ணைச் சொன்னால் அவருக்குப் புரியாது, தருமனுக்கே தண்டனை கிடைத்தது என்றால் புரிகிறது. சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப பாட்டில் குடுத்தவனுக்கு எந்த வயித்துல பொறப்பு?" என்றார். ஏட்டு நண்பருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது.

பேட்டரிப் பையன்களில் மூத்தவன் இப்போது வலை பின்னுகிற இடத்தில் வேலைக்குப் போகிறான். பேட்டரிக்கான தவணை மாதா மாதம் படகு உரிமையாளருக்குப் போய்ச் சேர்கிறது, தலைமை ஆசிரியர் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். பையன் கடலுக்கு வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். அவனுக்காக நானும் கேட்டேன். உரிமையாளர் பணத்தை எண்ணி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காசு சரியா இருக்கு சார். படகுல ஏத்த மாட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அது அவர் படகு.